கேள்வி–பதில்: பெட்டிக்குள் கரியபோளம், பெட்டி மேல் அரசு முத்திரை

போன இதழில் ஒரு வாசகர், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 'பீச்சம்ஸ் பில்ஸ்' என்று எழுதிய பழைய மாத்திரை டப்பா கிடைத்தது, அது என்ன மருந்து என்று கேட்டிருந்தார். விக்டோரியா மகாராணி காலத்தில் சகல நோய்க்கும் என்று சொல்லி விற்ற பேதி மாத்திரை, உள்ளே இருப்பதை ரகசியமாக வைத்து விற்ற 'பேட்டன்ட் மருந்து'களில் ஒன்று என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் எதுவும் கிடையாது, முழுக்க மருந்துதான்.

'பேட்டன்ட் மருந்து' என்கிறீர்கள். பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான தனியுரிமை, வாங்க வேண்டுமானால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டுமே? அப்புறம் எப்படி அது ரகசிய மருந்து ஆகும்?
*(ஓய்வுபெற்ற மருந்தாளுநர், கும்பகோணம்)*

சரியான இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. பெரும்பாலான பேட்டன்ட் மருந்துகளுக்குப் பேட்டன்டே கிடையாது. முன்னொரு காலத்தில் இங்கிலாந்து ராஜா சில சரக்குகளுக்குப் பட்டயம் கொடுத்தார், அந்தப் பெருமையில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. விக்டோரியா காலத்து முதலாளிகள் பேட்டன்ட் பக்கமே தலைவைக்கவில்லை. வாங்கினால் உள்ளே என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் வியாபாரம் என்னாவது? அவர்கள் காபந்து பண்ணியதெல்லாம் பெயர், டப்பாவின் தோற்றம், முதலாளியின் கையெழுத்து, அதாவது டிரேட்மார்க். சரக்கு போனாலும் போகட்டும், லேபிள் போகக்கூடாது.

இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1783-லிருந்து இந்த மருந்துகளுக்கு முத்திரை வரி. ஒரு ஷில்லிங் (12 பென்னி) மருந்துக்கு ஒன்றரை பென்னி வரி, ஆக டப்பா ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி. விளம்பரங்களில் இந்த விசித்திர விலை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். டப்பாவின் மேல் அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும், அதைக் கிழித்தால்தான் திறக்க முடியும். வரி கட்டியாகிவிட்டது என்பதைத் தவிர அந்தத் தாளுக்கு வேறு அர்த்தமே இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கவர்மென்டே முத்திரை குத்தியிருக்கிறது, அப்போது நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள், முதலாளிகளும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. கஜானாவுக்கு வருமானம் வந்துகொண்டே இருந்தது. அந்த வரி ஒழிந்தது 1941-ல்தான்.

பீச்சம்ஸ் மாத்திரையில் என்னதான் இருந்தது? சுருக்கமாகச் சொல்லவும்.
*(ஒரு வாசகர், ஈரோடு)*

கரியபோளம், சுக்கு, சோப்பு.

சுருக்கமாகக் கேட்டீர்கள், ஆனாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி, உங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், கடுமையாகப் பேதியாகும். சோப்பு மாத்திரையை உருட்டிச் சேர்த்துப் பிடிக்க. சுக்கு எதற்கு என்று சுக்குக் காப்பி குடிக்கிற ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதைச் சோதனை செய்து, 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்க விலை அரை ஃபார்த்திங் என்று கணக்குப் போட்டது. ஃபார்த்திங் என்பது கால் பென்னி, அதில் பாதி. விற்ற விலை பதின்மூன்றரை பென்னி, அதாவது நூறு மடங்குக்கும் மேல். டப்பாவில் போட்டிருந்த வாசகம் 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்'. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். அந்தக் கணக்கில் பார்த்தால் வாங்கினவருக்குக் கிட்டத்தட்ட 20 ஷில்லிங் லாபம்தான், போங்கள்!

இதைக் கண்டுபிடித்த தாமஸ் பீச்சம் சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். அவருடைய பேரன், அதே பெயர்தான், பின்னால் உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆனார். தாத்தாவின் மாத்திரைக் காசில் லண்டனில் ஆபரா என்ற இசை நாடகம் நடந்தது.

இந்த வியாபாரத்தில் ஒரு மனிதர் அரண்மனை மாதிரி காலேஜ் கட்டினாராமே, நிஜமா?
*(கல்லூரி ஆசிரியை, திருச்சி)*

நிஜம்தான் மேடம், கட்டிடம் இன்னும் நிற்கிறது. அவர் பெயர் தாமஸ் ஹாலோவே. இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி, பிடித்த என்று சொல்லக்கூடாதுதான், ஆனால் பிடிக்கிறது.

1837-ல் ஒரு களிம்போடு ஆரம்பித்தார். பன்றிக்கொழுப்பு, மெழுகு, அப்படிப்பட்ட சமாச்சாரம். அம்மாவின் அடுப்படியில், அம்மாவின் பாத்திரத்தில்தான் முதல் ஈடு காய்ச்சினார் என்று சொல்வார்கள். அப்புறம் மாத்திரை, அதுவும் கரியபோளம் வகையறாதான். விளம்பரத்துக்குக் கடன் வாங்கிக் கொட்டி, கட்ட முடியாமல் கடனாளிச் சிறைக்கே போனார். வேறு யாராக இருந்தாலும் வெளியே வந்து மளிகைக் கடை வைத்திருப்பார்கள். இவர் வெளியே வந்ததும் மறுபடி விளம்பரம் கொடுத்தார். 1842-ல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு. 1883-ல் சாகும்போது வருஷத்துக்கு 50,000 பவுண்டு. மருந்து தயாரிக்க இதில் எத்தனை பங்கு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எந்த மூலையில் பத்திரிகை அச்சாகிறதோ அங்கெல்லாம் ஹாலோவே விளம்பரம், உபயோகிக்கும் முறை சீன மொழி உட்படப் பல மொழிகளில். ஈரல், குடல், மூட்டு, தோல், காய்ச்சல் என்று அந்த விளம்பரங்களில் வரும் நோய்ப் பட்டியலைப் படித்தால் நன்றாக இருக்கிறவருக்கே உடம்பு என்னமோ செய்யும்.

பிள்ளை குட்டி இல்லை. கடைசியில் சேர்த்த பணத்தில் இரண்டு கட்டிடம் கட்டினார். ஒன்று, நடுத்தர வர்க்கத்து மனநோயாளிகளுக்கான மருத்துவமனை. இன்னொன்று லண்டனுக்கு வெளியே எக்ஹாமில் பெண்களுக்கான கல்லூரி, பிரான்சிலுள்ள ஷாம்போர் கோட்டையைப் பார்த்து வடிவமைத்தது. 1886-ல் விக்டோரியா மகாராணியே வந்து திறந்துவைத்தார். பெண்களுக்கு உயர்படிப்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு அது லண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம், 'ராயல் ஹாலோவே'. பேதி மாத்திரையில் ஏமாந்த லட்சக்கணக்கான பேருடைய காசு அது, அதில் எத்தனையோ பெண்கள் படித்துப் பட்டம் வாங்கினார்கள். இதைப் பாவக் கணக்கில் எழுதுவதா புண்ணியக் கணக்கில் எழுதுவதா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தச் சட்ட வகுப்பில் 'கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி' வழக்கைப் படிக்கிறோம். சட்டம் புரிகிறது சார், அந்தப் பந்து என்ன என்றுதான் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.
*(சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)*

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காப்பி வாங்கித் தர வேண்டும். நம் ஊர் வக்கீல்கள் எல்லாரும் இந்த வழக்கை மனப்பாடம் செய்தவர்கள், பந்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

அது ஒரு ரப்பர் பந்து, வாயில் ஒரு குழாய். உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த பொடி, நம் ஆஸ்பத்திரி தரையில் ஒரு காலத்தில் வீசுமே, ஃபினாயில் சொந்தக்காரன் மாதிரி ஒரு நெடி, அது. குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் பொடி புகை மாதிரி பறந்து மூக்குக்குள் ஏறும். மூக்கு எரிந்து ஒழுகும். ஒழுகினால் சளி வெளியேறுகிறது என்று அர்த்தம் சொன்னார்கள். விலை 10 ஷில்லிங், பொடி தீர்ந்தால் 5 ஷில்லிங்குக்கு மறுபடி நிரப்பித் தருவார்கள். அப்போது ஐரோப்பா முழுக்க 'ரஷ்யக் காய்ச்சல்' என்ற இன்ஃப்ளூயன்சா அலை அலையாக அடித்துக்கொண்டிருந்தது, பயம் கூடினால் பந்தும் விற்கும்.

1891 நவம்பரில் விளம்பரம்: சொன்னபடி தினம் மூன்று வேளை இரண்டு வாரம் உபயோகித்தும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு பரிசு, எங்கள் நாணயத்துக்கு அடையாளமாக 1,000 பவுண்டை ரீஜன்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் போட்டிருக்கிறோம். லூயிசா கார்லில் என்ற அம்மாள் வாங்கி, நவம்பர் 20-லிருந்து ஜனவரி 17 வரை விடாமல் மூன்று வேளையும் அமுக்கினார். இரண்டு வாரம் போதும் என்றதற்கு இரண்டு மாதம்! ஜனவரி 17 அன்று காய்ச்சல் வந்துவிட்டது. அவர் கணவர் சட்டம் படித்தவர், அதைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை. கடிதம் மேல் கடிதம் போட்டார். முதலில் பதிலே இல்லை. கடைசியில் வந்த பதில் என்ன தெரியுமா? பொய்க் கோரிக்கைகளிலிருந்து எங்களைக் காத்துக்கொள்ள வேண்டும், அதனால் அந்த அம்மாள் தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து எங்கள் கண்முன்னே பந்தை அமுக்கட்டும்!

கோர்ட்டில் கம்பெனி சொன்னதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும்: அது வெறும் விளம்பரப் பேச்சு, ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் செய்ய முடியாது, ஏற்றுக்கொண்டதாக அந்த அம்மாள் தகவல் தரவில்லை. கீழ்க்கோர்ட்டில் கம்பெனிக்காக வாதாடியவர் பிற்பாடு பிரிட்டனின் பிரதமரான ஆஸ்குவித். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் கம்பெனி தோற்றது. வங்கியில் பணம் போட்டேன் என்று நீயே சொன்னாய், அப்புறம் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் எப்படி என்றார்கள் நீதிபதிகள்.

வகுப்பில் சொல்லாத பகுதி இனிமேல்தான். தோற்ற கையோடு 1893-ல் பந்துக்கு மறுபடி விளம்பரம், இந்த முறை பரிசு 200 பவுண்டு, நிபந்தனைகள் மட்டும் கூடுதல். ஆயிரக்கணக்கில் விற்ற பந்துக்கு மூன்றே பேர்தான் பரிசு கேட்டார்கள், இதிலிருந்தே தெரியவில்லையா எங்கள் பந்தின் மகிமை என்று அதில் வாசகம் வேறு. கோர்ட்டில் வாங்கிய அடியையே விளம்பரமாக்கிய துணிச்சல்! கார்லில் அம்மாள் 1942 வரை, 96 வயது வரை இருந்தார்.

என் மாமியார் கைக்குழந்தை அழுதால் கிரைப் வாட்டர் என்பார். அதுவும் அந்தக் காலத்து மருந்துதானா? குழந்தைகளுக்கு அபின் கொடுத்தார்கள் என்றும் படித்தேன், கேட்கவே பயமாக இருக்கிறது.
*(ஒரு தாய், திருநெல்வேலி)*

ஆமாம் அம்மா, கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துச் சரக்குதான். நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1851-ல் தொடங்கியது. சோயிக்கீரை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அதோடு கொஞ்சம் சாராயமும் இருந்தது. சாராயத்தைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். பாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள் என்று தலைமுறை தலைமுறையாக வரும் அந்த விளம்பர உத்தி நம் டிவியில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கிலாந்தில் ஓடியதுதான். உங்கள் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள், பத்திரிகைக்காரனிடம் கேட்காதீர்கள்.

அபின் விஷயம் வேறு, அதுதான் இந்தக் கதையிலேயே கறுப்பான பக்கம். 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்று ஒரு பாகு. வெல்லப்பாகில் அபினைக் கலந்தது. மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற தாய், பிள்ளையை ஒரு கிழவியிடம் விட்டுவிட்டுப் போவாள், கிழவியிடம் இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் இருக்கும். ஒரு கரண்டி கொடுத்தால் எல்லாம் சத்தமில்லாமல் தூங்கும். அளவு மீறிச் செத்த குழந்தைகள் உண்டு. அதைவிட மெதுவான சாவும் உண்டு: மயங்கிக் கிடக்கிற குழந்தை பசிக்கு அழாது, அழாத குழந்தைக்குப் பால் கிடைக்காது, வற்றி வற்றிப் போய்விடும். அமெரிக்காவில் 1849-ல் வந்த 'மிசஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்'பில் ஒரு அவுன்சுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின், அபினிலிருந்து எடுப்பதுதான். விளம்பரப் படத்தில் அழகான இளம் தாய், மடியில் கொழுகொழுவென்று குழந்தை. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம் கடையில் இருந்தது.

அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய கட்டாயமே அப்போது இல்லை.

அவ்வளவு முட்டாள்களா அந்தக் காலத்து ஜனங்கள்?
*(ஒரு வாசகர், சேலம்)*

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன், கொஞ்சம் கோபமும் வருகிறது. வேறு என்ன வழி இருந்தது சொல்லுங்கள். அந்த நூற்றாண்டின் முதல் பாதியில் படித்த டாக்டரிடம் போனாலும் ரத்தத்தைக் கீறி வடிப்பார், அட்டை விடுவார், பாதரச உப்பைக் கொடுத்து வாயெல்லாம் புண்ணாக்குவார், ஃபீசும் வாங்குவார். அதோடு ஒப்பிட்டால் சுக்கும் சோப்பும் தேவாமிர்தம். மாத்திரை போட்டால் ராத்திரிக்குள் வயிறு கலக்கிவிடும், ஏதோ வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சளியோ தலைவலியோ நாலு நாளில் தானாகவே போகும், பேர் மாத்திரைக்கு. ஜேம்ஸ் மோரிசன் என்று ஒருவர், குணமாகாவிட்டால் இன்னும் அதிகமாகச் சாப்பிடு என்பதையே வைத்தியமாக வைத்திருந்தார். அப்படிச் சாப்பிட்டு ஒரு கேப்டன் இறந்துபோக, 1836-ல் மாத்திரை விற்ற ஏஜென்ட் தண்டிக்கப்பட்டார். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசுகிற உபாதைகள். அமெரிக்காவில் லிடியா பிங்கம் என்ற அம்மாள் 1875-லிருந்து ஒரு மூலிகைக் கஷாயம் விற்றார், மாதவிடாய்க் கோளாறுகளுக்கு. பாட்டிலில் அவர் முகம், நம் வீட்டு அத்தை மாதிரி. 'மிசஸ் பிங்கமுக்கு எழுதுங்கள், கடிதத்தை எந்த ஆணும் பார்க்க மாட்டார்' என்று விளம்பரம். எழுதினார்கள், பதிலும் வந்தது. 1883-ல் அந்த அம்மாள் இறந்துபோனார். அதற்கப்புறமும் 20 வருஷத்துக்கு மேல் பெண்கள் மிசஸ் பிங்கமுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள், பதிலும் போய்க்கொண்டே இருந்தது! 1905-ல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லைப் போட்டோ எடுத்துப் போட்டது. வேறு ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று, அந்தக் கஷாயத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாராயம். மது ஒழிப்புக்குப் பாடுபட்ட பெண்மணிகளும் வாங்கிக் குடித்தார்கள்.

எல்லாமே ஏமாற்றுதானா? ஒன்றுகூடவா வேலை செய்யவில்லை?
*(ஒரு செவிலியர், வேலூர்)*

சிலது செய்தது. வெளிறிப்போனவர்களுக்கு என்று 'டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் பில்ஸ்', அதில் இரும்புச் சத்து உப்பு இருந்தது, ரத்தசோகைக்கு நல்லதுதானே. ஆனால் அதையே பக்கவாதத்துக்கும் என்று விற்றால்? நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. காலிஸ் பிரவுன் என்ற ராணுவ டாக்டர் இந்தியாவில் இருந்தபோது காலராவுக்காக 1848-ல் செய்த 'குளோரோடைன்'. மார்ஃபின், குளோரோஃபார்ம், கஞ்சா மூன்றும் சேர்ந்தது. வயிற்றுப்போக்கை நிறுத்தும், வலியைத் தணிக்கும், சந்தேகமில்லை. கூடவே ஆளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போலி மருந்தை 'பாம்பு எண்ணெய்' என்று அமெரிக்காவில் திட்டுகிறார்களே, அதில் பாம்பு இருந்ததா?
*(ஒரு வாசகர், தூத்துக்குடி)*

அந்தப் பெயரில் எண்ணெய் விற்ற கிளார்க் ஸ்டான்லி என்ற ஆசாமியின் சரக்கில் இல்லை. 1916-ல் அரசு சோதித்தபோது கிடைத்தது கனிம எண்ணெய், மாட்டுக்கொழுப்பு, மிளகாய், டர்பன்டைன். அபராதம் 20 டாலர்.

பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதவில்லையா? நீங்களும் பத்திரிகைதானே, உங்கள் பின்பக்கங்களில் வரும் விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?
*(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)*

வந்துவிட்டது வினை. ஐயா, அன்றைக்குப் பத்திரிகைகள் நின்றதே இந்த விளம்பரக் காசில்தான். அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் ஒரு விதி அச்சிட்டிருக்கும்: உங்கள் மாநிலத்தில் எங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தால் இந்த ஒப்பந்தம் செல்லாது. ஆக, சட்டம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை பத்திரிகை முதலாளிக்கு. இதையும் 1905-ல் ஒரு பத்திரிகைதான் ஒப்பந்தத்தோடு வெளியிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மறு வருஷமே அங்கே சட்டம் வந்து, அபின், சாராயம் இருந்தால் லேபிளில் எழுத வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. முன்னே சொன்ன 1909 சோதனை முடிவுகளை மருத்துவச் சங்கம் புத்தகமாகப் போட்டது. அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் கொடுக்கப் போனால் காசு கொடுத்தாலும் போட மாட்டோம் என்று பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன! நாடாளுமன்றக் குழு ஒன்று இரண்டு வருஷம் உட்கார்ந்து விசாரித்து அறிக்கை கொடுத்தது. வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றைக்குத்தான் பிரிட்டன் ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. அறிக்கையை யார் படிப்பார்கள்?

நம் நாட்டில் 1954-லேயே சட்டம் இருக்கிறது. புற்றுநோய், சர்க்கரை நோய், ஆண்மைக்குறைவு, உயரமாக வளர்வது என்று 54 விஷயங்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது, தாயத்து, மந்திரம் மூலமாகவும் கூடாது. சட்டம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், சுவரொட்டிகள் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பின்பக்கத்துக்கு வருகிறேன். விளம்பரப் பிரிவு வேறு மாடியில் இருக்கிறது, எனக்கு அங்கே செல்வாக்கு கிடையாது. ஆனால் உங்கள் கடிதம் வந்ததும் போன மூன்று இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன், 54-க்குள் வருகிற மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. அதைக் கத்தரித்து, இந்தப் பதிலோடு குண்டூசி குத்தி, ஆசிரியர் மேஜையில் வைத்திருக்கிறேன். இந்த வரி வரைக்கும் உங்கள் கைக்கு அச்சில் வந்திருந்தால் அவர் படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.